அப்பாயி சொன்ன பேரிக்காய் மரம்: அப்புத்தளையில் ஆறு நாள்

2025 மார்ச் 9, ஞாயிறு
கொழும்பு – அப்புத்தளை

டிக்கெட்டில் நடந்த கூத்தைச் சொல்லப் போனால் அதுவே தனிக் கட்டுரை ஆகிவிடும். சுருக்கம் இதுதான்: என் இருக்கை வேறொரு தேதிக்கு விழுந்திருந்தது. நாவலப்பிட்டி வரை கதவோரம் நின்றுகொண்டே வந்தேன். அங்கே இறங்கவிருந்த ஓர் அம்மா, தன் இடத்தில் பையை வைத்துவிட்டு என்னைக் கண்ணாலேயே கூப்பிட்டார். நான் போய் உட்காரத் தயாரான பிறகுதான் பையை எடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

வடைக்காரர்கள் இல்லாமல் இந்தக் கோச்சி மலை ஏறாது போலிருக்கிறது. (இங்கே ரயிலுக்குக் கோச்சி என்றுதான் பேர். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.) கடலை வடையும் பொரித்த காய்ந்த மிளகாயும் நாலு வரி நோட்டுத் தாளில் சுருட்டி நூறு ரூபாய். நம் ரூபாய் ஒன்றுக்கு இங்கே மூன்று சொச்சம், ஆகவே மலிவுதான். சுருட்டிய தாளில் ஏதோ பிள்ளையின் சிங்களக் கையெழுத்து, எண்ணெயில் ஊறி இரண்டு பக்கமும் தெரிந்தது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். தொழில் சர்வே. ஊர் கூடலூர், நீலகிரி. நாற்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே பிறந்து வளர்ந்தும் எங்கள் குடும்பம் இன்னும் 'சிலோன்காரங்க'தான். தாத்தா, அப்பாயி, பன்னிரண்டு வயது அப்பா மூவரும் 1974-இல் அப்புத்தளையில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் 'இராமானுஜம்' கப்பல் பிடித்து, மண்டபம் முகாமில் நாள் எண்ணி, கடைசியில் அரசுத் தேயிலைத் தோட்டத்து வேலைக்குக் கூடலூர் வந்தவர்கள். 1948-இல் இலங்கை, தோட்டத் தமிழரின் குடியுரிமையைப் பறித்தது. 1964-இல் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து ஆளைப் பங்கு பிரித்தன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று. அண்ணன் தம்பி பாகப் பிரிவினைக்கு அளக்கப் போகும்போதுகூட நாங்கள் எந்தத் துண்டையும் 'அப்புறம்' என்று எழுதிவைப்பதில்லை.

அப்பாயி போன வருஷம் தவறினார். கடைசிவரை அவருடைய புலம்பல் ஒன்றுதான்: "அங்க நமக்குத் தோட்டம் இருந்திச்சு. பேரிக்கா மரத்தோட." தேயிலைத் தோட்டத்தைச் சொல்லவில்லை. லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, பின்னால் அவர் போட்ட காய்கறித் தோட்டத்தைச் சொன்னார். அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் கிளம்பினேன். நிலத்தை வைத்துச் சோறு தின்கிறவன், ஒரு மரம் அடையாளம் போதும் என்று நம்பிவிட்டேன்.

அப்புத்தளையில் இறங்கும்போது ஆறு மணி இருக்கும். மஞ்சு தண்டவாளத்துக்குக் குறுக்கே போய்க்கொண்டிருந்தது. தங்கிய வீட்டு அக்கா பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "எந்தத் தோட்டத்துல சொந்தம்?" என்றார். ஊர் பார்க்க வந்தேன் என்று நான் சொன்னதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மார்ச் 10, திங்கள்
லிப்டன் சீட்

விடியுமுன் ஓட்டோவில். போகவர 3,500 ரூபாய் என்றார் ஓட்டுநர் தம்பி. வயது இருபத்தைந்துக்குள். மழமழவென்று முகம், நகத்தில் மருதாணி. வழியில் கடையில் மீன் பணிஸ் வாங்கிக் கொடுத்தேன். "வேணாண்ணே, வெரதம்" என்று பிளேன்டீ மட்டும் குடித்தார். என்ன விரதம் என்று கேட்டதற்குச் சிரித்தார்.

தம்பேதன்ன தோட்டத்து ஸ்டோரைத் தாண்டி ரோடு வளைந்து வளைந்து ஏறுகிறது. தேயிலை ஆலையைத் தோட்டத்து ஜனங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்கிறார்கள். தாமஸ் லிப்டன் இந்தப் பக்கத்துத் தோட்டங்களை வாங்கியது 1890-இல். உச்சியில் அவருடைய சிலை கோப்பையோடு உட்கார்ந்திருக்கிறது. வெளிநாட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்து கோப்பையை எட்டிப் பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நானும் எடுத்துக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

சூரியன் வந்து கால்மணி நேரம் எல்லாம் தெரிந்தது. அடுக்கடுக்காகத் தேயிலை, நடுவே கோடு போட்டாற்போல லயங்கள், ஆங்காங்கே ஒரு பங்களா. சர்வேக்காரன் கண்ணுக்கு அது அழகான வரைபடம். இந்த மலையெல்லாம் யாருடையதாக இருந்தது, எப்படிக் கைமாறியது என்பதற்கு ஒரு சட்டம் உண்டு. 1840-இல் வெள்ளைக்காரன் போட்ட 12-ஆம் இலக்கச் சட்டம். காடாகவோ தரிசாகவோ கிடக்கிற நிலத்துக்கு எவனாவது காகிதம் காட்டி நிரூபிக்காவிட்டால் அது முடியரசுக்குச் சொந்தம். கண்டிச் சீமைக் குடியானவனிடம் சேனை நிலத்துக்கும் (காட்டை எரித்து விதைக்கிற நிலம்) மாடு மேய்ச்ச பத்தனைப் புல்வெளிக்கும் ஏது காகிதம்? ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்குக் கோப்பிக்கார (காப்பி பயிரிட்ட) துரைமாரிடம் போனது. எடுத்தவர்களில் கவர்னர், நீதிபதி, அளவையாளர் எல்லோரும் உண்டு. அளவையாளர் என்ற இடத்தில் மட்டும் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

திரும்பும் வழியில் ஹோட்டலாக மாறிய ஒரு பழைய துரை பங்களா. புல்வெளி, பீங்கான் குடுவை. ஒரு குடுவை தேத்தண்ணீர் 1,200 ரூபாய். வேண்டுமென்றே குடித்தேன். பில்லை மடித்து வைத்திருக்கிறேன். தோட்டத்தில் கொழுந்து எடுப்பவருக்கு 2025 மார்ச்சில் அடிப்படை நாட்சம்பளம் 1,350.

மதியத்துக்கு மேல் இடியும் மழையும். ஷூவின் அடிப்பாகம் பிய்ந்து வாயைப் பிளந்துவிட்டது. அப்புத்தளைக் கடைவீதியில் தைப்பவர் ஐந்து நிமிஷத்தில் நைலான் நூலால் இழுத்துத் தைத்துவிட்டு, "இது ரெண்டு நாளக்கித்தான்" என்று பணம் வாங்க மறுத்தார். சரியாக இரண்டு நாள் வந்தது.

மார்ச் 11, செவ்வாய்
தோட்டம்

தோட்டத்தின் பெயரை எழுதவில்லை. வேண்டாம் என்று அங்கே கேட்டுக்கொண்டார்கள். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

பஸ் நிற்கும் இடத்திலிருந்து ஒரு மைல் ஏற்றம். அப்பாயி சொன்ன அடையாளம்: ஸ்டோருக்கு மேலே, பீலிக்கரைக்கு இடப்பக்கம், இரட்டை லயம், தொங்கல் வீடு. (லயத்தின் கடைசி வீட்டைத் தொங்கல் வீடு என்பார்கள். பீலி என்பது ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் குழாய்.) பீலி இருந்தது. மூங்கில் போய் பிளாஸ்டிக் குழாய் வந்திருக்கிறது. துவைக்கிற கல் மழமழவென்று தேய்ந்து நடுவில் குழிந்திருந்தது. லயமும் அங்கேதான். தகரத்தின் மேல் கல்லும் பழைய டயரும் பாரம் வைத்திருந்தார்கள். ஒரு காம்பரா (அறை) பத்துக்குப் பன்னிரண்டு அடி. வாசலில் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதில் பாதியை மறித்து அடுப்படி. அப்பாயி, தாத்தா, அப்பா, இறந்துபோன இரண்டு அத்தைமார் எல்லோரும் இந்த நூற்றிருபது சதுரடியில்தான்.

வந்த விஷயத்தைச் சொன்னதும் இஸ்தோப்பில் பாய் விரித்தார்கள். கோதுமை மாவு ரொட்டி, கட்டசம்பல், இஞ்சி தட்டிப் போட்ட தேத்தண்ணீர். ரொட்டி கெட்டியாக, கல்லில் கருகிய புள்ளிகளோடு. அப்பாயி கூடலூரில் சுட்டதும் இதே ரொட்டிதான். எங்கள் தெருவில் 'சிலோன் ரொட்டி' என்று கேலி பேசுவார்கள். நாலு தின்றேன்.

பிறகுதான் வேடிக்கை. அப்பாயி பேரைச் சொல்லி, "அவங்க தோட்டம் எது?" என்றேன்.

எழுபத்தைந்து வயதுப் பாட்டி ஒருவர் கையைப் பிடித்துக் கூட்டிப் போய்ப் பீலிக்குக் கீழே ஒரு பாத்தியைக் காட்டினார். "இதுதாந்தம்பி. ஒங்க அப்பாயி இதுலதான் பீன்ஸ் போட்டிச்சு." பின்னாலேயே வந்த ஒரு பெரியவர், "அது எங்க சித்தப்பா வச்சிருந்தது. ஒங்க தாத்தா தோட்டம் அந்தா, கோயில் பக்கம்" என்றார். கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு வந்த மூன்றாமவர், அறுபது வயதிருக்கும், "ரெண்டு பேரும் பொய் சொல்றாங்க" என்று சிரித்து லயத்துக்கு நேர் பின்னால் கூட்டிப் போனார். அங்கே பேரிக்காய் மரம் நின்றது. ஆனால் கோயில் பக்கத்துத் துண்டிலும் ஒரு பேரிக்காய் மரம் நின்றது. பீலிக்குக் கீழே இருந்தது போன ஆடியில் காற்றில் விழுந்துவிட்டதாம்.

மூவரும் தங்கள் தங்கள் தோட்டத்திலிருந்து எதையாவது பறித்துக் கையில் திணித்தார்கள். கேரட், லீக்ஸ், ஒரு நோக்கோல் (நூல்கோல்). என்னுடைய அப்பாயியின் நிலம் என்று ஒப்புக்கொள்வதில் யாருக்கும் நஷ்டமில்லை. காகிதத்தில் அது அவர்களுடையதும் இல்லை.

மூன்றாமவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் பின்வாசலில் உட்கார்ந்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தோட்டத்துல மலையெல்லாம் காடாயிருச்சு தம்பி. ஆறாம் நம்பர் மலையில மானாப்புல்லு ஆளுசரம். அதக் கண்டுக்க ஆளில்ல. நாங்க நாலு கத்தரி போட்டது மட்டும் கண்ணுல குத்துது." சொல்லிவிட்டுப் பாத்தியின் மூலையில் ஒரு கல்லைக் காட்டினார். சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் ஆபீசிலிருந்து வந்து அடித்தார்களாம். டப்பன்டைன் மரம் வைக்கப்போவதாக ஒரு பேச்சு. வெள்ளைக்காரர் வந்து தங்க மரவீடுகள் கட்டப்போவதாக இன்னொரு பேச்சு. எழுத்தில் ஒன்றும் தரவில்லை.

தோட்டத் தலைவர் (தொழிற்சங்கத் தலைவர்) சாயங்காலம் வந்தார். சட்டம் பேசக்கூடிய ஆள். 1972-லும் 1975-லும் நிலச் சீர்திருத்தம் வந்து தோட்டங்களை அரசு எடுத்ததையும், 1992-இல் நிர்வாகத்தைக் கம்பெனிகளிடம் கொடுத்ததையும், குத்தகை 2045 வரை ஓடுவதையும் விரலில் எண்ணிச் சொன்னார். "நெலம் அரசாங்கத்தோடது, குத்தகை கம்பெனியோடது, ஒழைப்பு மட்டும் நம்மளோடது. சீர்திருத்தம்னு சொல்லி சிங்கள ஊர்க்காரங்களுக்குப் பிரிச்சாங்க. நம்மாளுக்கு ஒரு புடி மண்ணு வரல." பிறகு டெவன் தோட்டத்துச் சிவனு லெட்சுமணன் கதையைச் சொன்னார். 1977 மே 11. தோட்டக் காணி 7,000 ஏக்கரை வெளியாட்களுக்குப் பிரித்துக் கொடுப்பதை எதிர்த்துத் திரண்டபோது போலீஸ் சுட்டுச் செத்தவர். எங்கள் குடும்பம் கப்பல் ஏறி மூன்று வருஷம் கழித்து. அப்பாவுக்கு இந்தப் பெயர் தெரியுமா என்று போனில் கேட்டேன். தெரியாது என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே கூப்பிட்டு, "பேரிக்கா மரம் இருக்கா?" என்றார். இரண்டு இருக்கிறது என்றேன்.

தோட்டத்து வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவரையும் ரோட்டில் பார்த்தேன். இளைஞர், தமிழர். "நானும் லயத்துல பொறந்தவந்தான் சார். எனக்கு மேல இருக்கவங்க கேக்குறாங்க, ஏக்கருக்கு என்ன வருமானம்னு. ஆள் இல்ல, பாதிப் பேர் கொழும்புக்குக் கடைக்குப் போயிட்டாங்க. தேயிலைய மட்டும் நம்பி ஓட்ட ஏலாது." அவர் சொன்னதிலும் பொய்யில்லை. பைக்கை ஸ்டார்ட் பண்ணிவிட்டு, "எங்கம்மாவும் கத்தரி போட்டிருக்கு" என்றார்.

காலில் மூன்று அட்டை. உப்புப் போட்டு எடுத்தார்கள்.

மார்ச் 12, புதன்
பண்டாரவளை

ஷூ தைத்தவர் வாக்குப் பலித்தது. புதுச் செருப்பு வாங்கப் பண்டாரவளை போனேன். 2,400 ரூபாய், பேரம் பேச விடவில்லை.

செருப்புக்கடைக்காரர் சிங்களவர், ஐம்பது வயது, கடைத்தெருத் தமிழ் நன்றாகப் பேசினார். என் தொழிலைக் கேட்டதும் கடையைப் பையனிடம் விட்டுவிட்டு ஹீல் ஓயாப் பக்கம் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார். எதற்கு? சுவர் வெடிப்பைக் காட்ட.

உமா ஓயாத் திட்டம். மலைக்குள் சுரங்கம் குடைந்து தண்ணீரைத் தெற்கே இறக்குவது, வழியில் 120 மெகாவாட் மின்சாரம் எடுப்பது. 2014 கடைசியில் சுரங்கத்துக்குள் ஊற்று உடைத்துக்கொண்டு கொட்டத் தொடங்கியது. மேலே கிணறுகள் வற்றின, ஆயிரக்கணக்கான வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017-இல் பண்டாரவளையில் கடையடைப்பும் ஊர்வலமுமாக இருந்ததாம். போன வருஷம் ஏப்ரல் 24 அன்று ஈரான் ஜனாதிபதி வந்து திட்டத்தைத் திறந்துவைத்துவிட்டுப் போனார். கடைக்காரரின் கிணற்றை எட்டிப் பார்த்தேன். முப்பது அடி ஆழம், அடியில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. சுவர் வெடிப்பில் பென்சிலால் கோடு போட்டு ஒவ்வொரு வருஷமும் தேதி எழுதி வைத்திருக்கிறார். எங்கள் தொழிலில் அதைத்தான் செய்யச் சொல்வோம். யாரும் சொல்லாமலே அவர் செய்திருக்கிறார்.

அவர் மனைவி பலாக்கொட்டைக் கறியோடு சோறு போட்டார். கடைக்காரருக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. தோட்டம் வந்த மலையெல்லாம் தன் பாட்டன்மார் சேனை போட்ட மலை. காகிதம் இல்லை என்று துரை எடுத்துக்கொண்டான். துரை போன பிறகும் ஊருக்கு வரவில்லை. "ஒங்க ஆளுகளுக்குத் துரை வேலை குடுத்தான், வீடு குடுத்தான். எங்களுக்கு?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். வீடு என்று அவர் சொன்னது பத்துக்குப் பன்னிரண்டு. நேற்று அதில்தான் உட்கார்ந்திருந்தேன் என்றேன். அவர் இத்தனை வருஷத்தில் ஒரு லயத்துக்குள்ளும் போனதில்லையாம். லயத்து அக்காவும் சேனை என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். நடுவே இருப்பது பஸ்ஸில் முக்கால் மணி.

திரும்பும்போது, "மல்லி, கிணறு திரும்ப ஊறுமா?" என்றார். (மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.) நான் நிலத்தின் மேலே அளப்பவன், கீழே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது என்று உண்மையைச் சொன்னேன்.

மார்ச் 13, வியாழன்
கொஸ்லாந்தை, இரவு மறுபடி தோட்டம்

பௌர்ணமி. இங்கே போயா விடுமுறை. இறைச்சிக் கடை கிடையாது, பஸ்ஸும் அரைகுறை. பெரகலைச் சந்தியில் ஒன்றரை மணி நேரம் நின்று, கடைசியில் மரக்கறி லொறியில் தொற்றிக்கொண்டு கொஸ்லாந்தை போனேன்.

கொஸ்லாந்தைக்குப் பக்கத்து மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. 2014 அக்டோபர் 29, காலை. மேலேயிருந்து மலை இறங்கி லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடம் தெரியவில்லை. பல உடல்கள் கிடைக்கவே இல்லை. இப்போது அங்கே புல்லும் புதரும், நடுவே ஓர் ஓடை. இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-லும் 2011-லும் சொல்லியிருந்தது. வெளியேறச் சொன்னால் எங்கே வெளியேறுவது? பக்கத்து மேட்டில் ஒரு குடிசை போடவும் தோட்டத்தில் கேட்க வேண்டும். நிலமில்லாதவனுக்கு எச்சரிக்கை கொடுப்பது நீந்தத் தெரியாதவனிடம் வெள்ளம் வருகிறது என்பது மாதிரி.

தப்பியவர்களுக்கு மாக்கல்தெனியத் தோட்டத்தில் 75 தனி வீடுகள் கட்டினார்கள். வாசலில் செவ்வந்தி வைத்திருந்த ஒரு வீட்டில் தண்ணீர் கேட்டேன். மோராகவே கொடுத்தார்கள். வீட்டைச் சுற்றி இருப்பது ஏழு பேர்ச். மலையகம் முழுவதும் இப்போது இந்த 'ஏழு பேர்ச்' ஒரு மந்திரம் மாதிரி. 2015-க்குப் பிறகு வந்த தனி வீட்டுத் திட்டங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குதான். நம்மூர்க் கணக்கில் நாலரை சென்ட்கூட இல்லை: 4.375. சதுரடியில் 1,905 சொச்சம். அதில் 550 சதுரடி வீடு, வழி, கக்கூஸ் போக மிச்சத்தில் என்ன விளையும்? செவ்வந்தி விளைகிறது. ஆனால் அந்த வீட்டுக்காரருக்கு அந்தச் சுவரைத் தடவிக் காட்டும்போது வந்த சிரிப்பை நான் கொச்சைப்படுத்த மாட்டேன். லயத்தில் பக்கத்து வீட்டுத் தும்மல் நம் வீட்டில் கேட்கும்.

இரவு பத்து மணிக்குத் தோட்டத்தில் காமன் கூத்து. "கண்டிப்பா வாங்க" என்று லயத்து அக்கா சொல்லியிருந்தார். லயங்களுக்கு நடுவே இருக்கும் வெட்டவெளிக்குக் காமன் பொட்டல் என்று பேர். வருஷம் முழுக்கப் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவது, கல்யாணப் பந்தல், சாவுக்குப் பாடை கட்டுவது எல்லாம் அங்கேதான். மாசியில் கம்பம் ஊன்றுவார்கள். தப்பு அடி கேட்டதும் மலை எதிரொலித்து இரண்டு தப்பாகக் கேட்டது. மதனும் ரதியும் கைகோத்துச் சுற்றி வந்தார்கள். ரதி சேலை கட்டி, கொண்டை வைத்து, நடையில் அப்படி ஓர் ஒயில். என் பக்கம் வந்து ஒரு கணம் நின்று கண்ணடித்தபோதுதான் நகத்து மருதாணியைப் பார்த்தேன். ஓட்டோத் தம்பி! விரதம் என்றது இதற்குத்தான்.

விடிகிற நேரம் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்தார். மதன் எரிந்தான். ரதி கம்பத்தைச் சுற்றி விழுந்து புரண்டு ஒப்பாரி வைத்தாள். சுற்றி நின்ற கிழவிகள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அந்த ஒப்பாரி மெட்டு எனக்குத் தெரியும். கப்பல் ஏறிய நாளைப் பற்றி அப்பாயி முனகியதும் இதே மெட்டுதான். மரவீடு கட்டும் பேச்சில் இந்தப் பொட்டலும் சேர்த்தி என்கிறார்கள். சமமான இடம், காட்சியும் நன்றாகத் தெரிகிறது, கட்டட வேலைக்கு அருமையான மனை. தொழில் புத்தி எனக்கும் அதைச் சொன்னது.

மார்ச் 14, வெள்ளி
தோட்டம், காலை

தூக்கமில்லை. அக்கா பிளேன்டீ கொடுத்துவிட்டு, கையை முந்தானையில் துடைத்தபடி விஷயத்துக்கு வந்தார். "தம்பி, நீங்க காணி அளக்குறவராமே. இத அளந்து ஒரு படம் போட்டுக் குடுங்க. சீலும் குத்திருங்க."

என் சீல் இந்த நாட்டில் செல்லாது, நான் போட்டுக் கொடுக்கும் படத்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது என்று சொன்னேன். மூன்று விதமாகச் சொன்னேன்.

"இருந்துட்டுப் போவுது. போடுங்க."

டேப் இல்லை. துணி காயப்போடும் நைலான் கயிற்றை அவிழ்த்து, என் செருப்பளவில் முடிச்சுப் போட்டு அளந்தோம். ஓட்டோத் தம்பி, முகத்தில் பாதிச் சாயத்தோடு, கயிற்றின் மறுமுனையைப் பிடித்தார். லயத்துப் பக்கம் நீளம் 66 அடி. சரியாக ஒரு சங்கிலி, பழைய சர்வேக்காரர் சங்கிலி. கானுப் (வடிகால்) பக்கம் 58. அகலம் 44. கணக்குப் போட்டால் 2,728 சதுரடி, பத்துப் பேர்ச்சும் ஒரு சிட்டிகையும்.

"ஏழுதான் குடுப்பாங்கன்னா எந்தப் பக்கத்த விடுறது?" என்றார் அக்கா. நான் பதில் சொல்லுமுன், "பீன்ஸ் பக்கத்த விட ஏலாது" என்று அவரே சொல்லிக்கொண்டார்.

பேத்தியின் சீ.ஆர். கொப்பியில் (பள்ளி நோட்டு) நடுப்பக்கத்தைக் கிழித்து, வடக்கைக் குறித்து, நான்கு மூலையும் போட்டு, அளவு எழுதினேன். சிவப்புக் கல்லையும் சின்னச் சதுரமாகக் குறித்தேன். யார் பெயர் போடுவது? "மகன் பேரு வேணாம், அவன் கொழும்புல நிக்கிறான். மருமக பேரப் போடுங்க. பாத்தி கட்டுறது அதுதான்." மருமகள் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துத் தன் முழுப்பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னார். போட்டேன். கீழே என் கையெழுத்தும் தேதியும்.

அக்கா தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். எழுத்து வாசிக்க வராது என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். ஆனால் படத்தைத் திருப்பித் திருப்பி, வீட்டு மூலை எது, கானு எது என்று விரலால் தொட்டுக்கொண்டே போனவர் ஓரிடத்தில் நின்றார்.

"மரம் எங்க?"

கானுக்கு ஒட்டி, எல்லைக் கோட்டுக்கு அரையடி வெளியே நின்றதால் விட்டுவிட்டேன் என்றேன்.

"வெளியன்னா? ஒங்க அப்பாயி நட்டது தம்பி. கோட்ட அங்கிட்டுத் தள்ளிப் போடுங்க."

ரப்பர் கேட்டேன். பேத்தி கொண்டுவந்து கொடுத்தது.